தூத்துக்குடி உப்பும் டெராஹெர்ட்ஸ் கருவியும்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அங்கே இப்போது நிற்பது 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையை வெள்ளைக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16ல். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையும் அவர் ஆட்களும் அதே இடத்தில் மண்ணைக் குழைத்து மறுபடியும் ஒரு கோட்டையை எழுப்பிவிட்டார்கள். அதைப் பிடிக்கக் கம்பெனிப் படைக்கு மே மாதம் வரை ஆனது. வெளியூரிலிருந்து கல்லும் சுண்ணாம்பும் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த மண்தான் கோட்டை.

இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கோட்டையிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் உப்பளங்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைவது தூத்துக்குடியில்தான். வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் அந்த வெள்ளைக் குவியலுக்கும் குவாண்டம் இயற்பியல் பிறந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பின் பெயர்தான் இன்று டெராஹெர்ட்ஸ்.

டெராஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு. அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். ஒரு பக்கம் செல்போன், ரேடார் அலைகள். மறுபக்கம் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பட்டை இது. எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இது அதிவேகம், சாதாரண டிரான்சிஸ்டர்கள் திணறும். லேசர்காரர்களுக்கு இது மிக மெதுவு. அதனால் ரொம்ப காலம் இரண்டு தரப்பும் கண்டுகொள்ளாமல் விட்ட பகுதி.

ஆனால் இயற்கை அதை விடவில்லை. உப்புப் படிகத்துக்குள் சோடியம் அயனிகள் ஒரு பக்கமும் குளோரைடு அயனிகள் எதிர்ப்பக்கமுமாக ஆடும் ஆட்டம் சரியாக இந்தப் பட்டையில்தான் வருகிறது, ஏறத்தாழ 5 டெராஹெர்ட்ஸில். அந்த அதிர்வெண்ணை ஒட்டி வரும் ஒளியை உப்பு உள்ளே விடாது, கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பாலிதீன் பையோ இந்த அலைக்குப் பெரும்பாலும் தெளிவு. கடையில் வாங்கும் உப்புப் பாக்கெட்டை டெராஹெர்ட்ஸ் கண்ணால் பார்த்தால் உறை கிட்டத்தட்ட இருக்காது, உப்பு மட்டும் சுவர் மாதிரி நிற்கும்!

1890களில் பெர்லினில் ரூபன்ஸ் என்பவர் இதைத்தான் பயன்படுத்தினார். சூடான பொருளிலிருந்து வரும் கதிர்களைப் படிகத்தின் மேல் பல தடவை மோதித் திரும்ப விட்டார். மற்ற அலைகள் எல்லாம் வழியில் கழிந்துபோக, படிகம் விரும்பித் திருப்பும் அலை மட்டும் மிஞ்சும். உப்பில் அது 51 மைக்ரான் அளவில் வந்தது. 1900ல் அவரும் குர்ல்பாமும் இந்த மிச்சக் கதிர்களை வைத்து, திரவக் காற்றின் குளிரிலிருந்து 1500 டிகிரி வரை ஒரு பொருள் எவ்வளவு கதிர் வீசுகிறது என்று அளந்தார்கள். அன்றைக்கு எல்லாரும் நம்பிய வீன் விதி நீள அலைகளில் பொய்த்தது. அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரூபன்ஸ் பிளாங்க்கின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னார். அக்டோபர் 19ல் பிளாங்க் தன் புதிய சூத்திரத்தை அறிவித்தார். குவாண்டம் அங்கிருந்து ஆரம்பம். பாடப்புத்தகத்தில் பிளாங்க் இருக்கிறார், சூத்திரம் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. உப்பு மட்டும் இல்லை.

அந்த அளவீட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நீள அலையும் கடுங்குளிரும் அப்போதே சேர்ந்து வந்துவிட்டன. அது தற்செயல் இல்லை.

அறை வெப்பநிலையில் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தால் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கத்தின் ஆற்றலை அதிர்வெண்ணாக மாற்றினால் சுமார் 6 டெராஹெர்ட்ஸ் வரும். 1 டெராஹெர்ட்ஸில் நடக்கும் ஒரு நுட்பமான விஷயத்தைச் சாதாரண அறையில் தேடுவது, திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்துக்கு நடுவில் காதோடு பேசுவதைக் கேட்கப் பார்ப்பது மாதிரி. 1 டெராஹெர்ட்ஸுக்கு ஈடான வெப்பநிலை 48 கெல்வின். அதற்கும் நன்றாகக் கீழே போனால்தான் கூட்டம் கலையும். திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வெப்ப நடுக்கம் 0.09 டெராஹெர்ட்ஸுக்குச் சுருங்கிவிடும். அப்போது பொருளின் உண்மையான குரல் கேட்கும்.

சாதாரண உப்பிலேயே இது தெரியும். அறை வெப்பநிலையில் 4.9 டெராஹெர்ட்ஸில் அகலமாகப் படர்ந்திருக்கும் அந்த ஆட்டம், ஹீலியக் குளிரில் 5.3க்கு நகர்ந்து ஒல்லியாகும். மீக்கடத்திகளில் இன்னும் சுவாரசியம். ஈயத்தை 7.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் மின்தடை போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நிலையில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்திருக்கின்றன. ஜோடியைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். ஈயத்துக்கு அது 0.65 டெராஹெர்ட்ஸ் அளவு. அதற்குக் கீழே உள்ள அலையை ஈயம் விழுங்காது, மேலே போனால் விழுங்கும். கலிஃபோர்னியாவில் குளோவரும் டிங்காமும் ஈயம், வெள்ளீயப் படலங்களின் வழியே இந்த அலைகளைச் செலுத்தி அந்த இடைவெளியைப் பார்த்தது 1956, 57ல். மீக்கடத்தலை விளக்கிய பி.சி.எஸ். கோட்பாடும் 1957ல்தான் வந்தது. கோட்பாடும் கருவியும் கைகோத்து வந்த அழகான காலம்.

சரி, கருவிக்கு வருவோம். படிக்கும்போது எளிமையாகத் தெரியும். ஃபெம்டோசெகண்ட் லேசர் துடிப்பு ஒரு சின்னக் குறைக்கடத்தி ஆன்டெனாவில் விழுந்ததும் டெராஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று கிளம்பும். அது மாதிரிப் பொருளைக் கடந்து இன்னொரு ஆன்டெனாவில் விழும். துடிப்பு எவ்வளவு தாமதித்தது, எவ்வளவு மெலிந்தது என்று பார்த்தால் பொருளின் குணம் தெரிந்துவிடும். 1980களில் உருவான முறை இது.

மாதிரியைக் குளிர்பெட்டிக்குள் வைக்கும்போதுதான் தலைவலி. ஒளி போய் வர ஜன்னல் வேண்டும். ஜன்னல் வைத்தால் டெராஹெர்ட்ஸ் மட்டுமா உள்ளே போகும்? அறையின் சூடும் போகும். 300 கெல்வினில் இருக்கும் சுவர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் 46 மில்லிவாட் கதிர் வீசுகிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் டைல்யூஷன் ரெஃப்ரிஜரேட்டர் என்னும் அதிகுளிர்க் கருவி 0.1 கெல்வினில் நிற்கும்போது அதனால் வெளியேற்ற முடிவது சில நூறு மைக்ரோவாட்தான். ஒரு விரல்நக அளவு ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்தால் அதன் திறனைப் போல நூறு மடங்கு சூடு உள்ளே கொட்டும். வீட்டு ஃபிரிட்ஜுக்குள் அடுப்பைப் பற்ற வைத்த கதை.

அதனால்தான் இந்தக் கருவி செய்பவர்கள் ஜன்னலோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கவசங்கள், ஒவ்வொன்றும் ஒரு குளிரில். ஒவ்வொன்றிலும் குவார்ட்ஸ், சிலிக்கான், பாலிஎதிலீன் என்று தேர்ந்தெடுத்த தகடுகள், வேண்டிய அலையை விட்டு மற்ற சூட்டைத் தடுக்க. இன்னொரு கூட்டம் ஜன்னலே வேண்டாம், ஃபைபர் வழியாக லேசரை மட்டும் உள்ளே அனுப்பி ஆன்டெனாவைக் குளிருக்குள்ளேயே வைத்துவிடலாம் என்கிறது. அப்போது லேசரின் சூடு பிரச்சினை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கணக்கு நிற்கிறது. இதில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. நல்ல லேத், நல்ல வெற்றிடப் பம்பு, வெள்ளி சாலிடர் கசியாமல் பற்ற வைக்கும் கை, சூட்டுக் கணக்கைச் சோம்பலில்லாமல் போடும் தலை. இவ்வளவுதான் அடிப்படை.

இந்த இடத்தில்தான் நம் நாட்டு விவகாரம் வருகிறது.

2015ல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தாறுமாறான அணு அமைப்புள்ள மீக்கடத்திப் படலங்களில் ஹிக்ஸ் வகை அதிர்வு ஒன்று தெரிகிறது என்பது செய்தி. அந்தப் பொருள்கோள் சரியா என்று பிறகு விவாதமும் நடந்தது, அது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு. அதில் பயன்பட்ட நயோபியம் நைட்ரைடு படலங்கள் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வளர்க்கப்பட்டவை. தாழ்வெப்பத்தில் டெராஹெர்ட்ஸ் அளவீடு நடந்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில். கட்டுரையில் மும்பைக்காரர்களின் பெயர்கள் முறையாக இருக்கின்றன, வேலையும் முதல் தரம். நாடு விட்டு நாடு கூட்டாக வேலை செய்வது அறிவியலில் தவறே இல்லை. இந்தியாவில் டெராஹெர்ட்ஸ் கருவியே இல்லை என்பதும் பொய். அதே மும்பை நிறுவனத்திலேயே டெராஹெர்ட்ஸ் ஆய்வகம் உண்டு, பெங்களூரிலும் வேறு சில இடங்களிலும் உண்டு.

ஆனாலும் இந்தப் பாணி அடிக்கடி கண்ணில் படுகிறது. பொருள் இங்கே, கருவி அங்கே. முத்துக்குளித்துறையின் பழைய கதையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. மூச்சடக்கி முங்கி எடுப்பவர் ஒருவர், முத்தின் விலையைச் சொல்லுபவர் வேறொருவர்.

அங்கே செய்யும் கருவியைக் காசு கொடுத்து வாங்கினால் போச்சு என்பது வழக்கமான பதில். 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6003.65 கோடி ரூபாய். நல்லதுதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கருவியை வாங்கியவர்களுக்கு அதைத் திறந்து பார்க்கப் பயம். வாரண்டி போய்விடும். ஜன்னலில் ஒரு கசிவு வந்தால் வெளிநாட்டிலிருந்து பொறியாளர் வர வேண்டும், வரும்வரை கருவி துணி போர்த்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். செய்தவனுக்குத்தான் ரிப்பேர் தெரியும் என்பது சைக்கிள் கடைக்குப் பொருந்துவது போல கிரையோஸ்டாட்டுக்கும் பொருந்தும்.

"அதெல்லாம் நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஜகதீஷ் சந்திர போஸைக் காட்டலாம். 1895ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், உள்ளூர்த் தகரக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 5 மில்லிமீட்டர் அலை வரை உண்டாக்கினார். டெராஹெர்ட்ஸ் வாசலுக்கு அடுத்த தெரு அது. துருவமாக்கும் கருவியாக என்ன வைத்தார் தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகம், தாள்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகி. முறுக்கிய சணலையும் பயன்படுத்தினார். அவர் செய்த இரட்டைப் பிரிசத் தணிப்பானின் யோசனை, நூறு வருடம் கழித்து அமெரிக்காவின் கிட் பீக் தொலைநோக்கியின் 1.3 மில்லிமீட்டர் வாங்கியில் மறுபடி வந்தது.

குளிரிலும் நமக்கு முன்கதை உண்டு. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1950களிலேயே அங்கே ஹீலியம் திரவமாக்கும் இயந்திரம் ஓடியது. இன்று பாஞ்சாலங்குறிச்சிக்குத் தென்மேற்கே, மகேந்திரகிரி மலையடிவாரத்து இஸ்ரோ வளாகத்தில் திரவ ஹைட்ரஜன் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அது 20 கெல்வின். தென்மாவட்டத்துக்குக் கடுங்குளிர் அந்நியமில்லை.

ஹீலியம்தான் நிஜமான கஷ்டம். இந்தியா பயன்படுத்தும் ஹீலியம் அநேகமாக முழுவதும் இறக்குமதி. 2017ல் கத்தாருக்கும் அண்டை நாடுகளுக்கும் தகராறு வந்து எல்லை மூடியபோது உலகம் முழுக்க ஆய்வகங்களுக்கு வயிறு கலங்கியது. வேடிக்கை என்னவென்றால், 1908ல் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கியபோது அவருக்கு அந்த வாயு கிடைத்தது மோனசைட் மணலிலிருந்து. அடுத்த வருடமே நம் தென்கோடிக் கடற்கரையில், மணவாளக்குறிச்சி பக்கம் மோனசைட் கண்டுபிடிக்கப்பட்டது. மணலை வறுத்து இன்றைய தேவைக்கு ஹீலியம் எடுப்பது கட்டுப்படியாகாது, அது வேறு. மயிலாடுதுறை அருகே குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்கும் முன்னோட்ட ஆலையை கொல்கத்தா அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் நிறுவிப் பார்த்தார்கள். முயற்சி நடந்திருக்கிறது, பெரிதாக வளரவில்லை.

ஆவியாகும் ஹீலியத்தைப் பிடித்து மறுபடி திரவமாக்குவதுதான் உடனடி வழி. ஒரு லிட்டர் திரவம் சுமார் 750 லிட்டர் வாயுவாகிப் பறக்கும். ஒரு வாட் சூடு ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைக் காலி செய்யும். மூடிய சுற்றில் ஓடும் குளிர்விப்பான்கள் வந்த பிறகு திரவமே ஊற்றாமல் 4 கெல்வின் போக முடிகிறது. அதற்கு ஏழெட்டு கிலோவாட் தடையில்லா மின்சாரமும் குளிர்நீரும் வேண்டும், அதிர்வையும் சமாளிக்க வேண்டும். ஒரு தனிக் கல்லூரிக்கு இது முடியாது. நெல்லையில் பல்கலைக்கழக மட்டத்தில் ஒன்று வைத்து நான்கு மாவட்டமும் பகிர்ந்துகொண்டால் முடியும். இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட யு.ஜி.சி.-அணுசக்தித் துறைக் கூட்டமைப்பு பல்கலைக்கழகங்களுக்காக இதே முறையில்தான் இயங்குகிறது. கல்பாக்கத்திலும் அதற்கு ஒரு கிளை உண்டு. தெற்கே இன்னும் ஒன்று கேட்பது பேராசை இல்லை.

ஏழை நாட்டுக்கு இது தேவையா, உப்பளத் தொழிலாளியின் கால் வெடிப்புக்கு வழி சொல்லிவிட்டு மீக்கடத்தியைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். கேள்வி நியாயமானது, அந்தக் கால் வெடிப்பும் நிஜம். ஆனால் அந்தத் தொழிலாளியின் பிள்ளை எம்.எஸ்சி. இயற்பியல் படிக்க வருகிறது. வந்த பிள்ளைக்குக் கரும்பலகையில் பிளாங்க் சூத்திரத்தை மட்டும் காட்டி அனுப்புவதும் ஓர் அநியாயம்தான். அம்மா வாரிய உப்புதான் அந்தச் சூத்திரத்தின் சாட்சி என்று அதற்கு யார் சொல்வது?

கோடிக்கணக்கில் பணம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பல கல்லூரிகளின் வேதியியல் துறையில் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி இருக்கிறது. அதன் அளவுகோல் வழக்கமாக 400ல், அதாவது 12 டெராஹெர்ட்ஸில், நின்றுவிடும். காரணம் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் புரோமைடு. உப்பின் சொந்தக்காரனான அந்தப் படிகமும் அதற்குக் கீழே வழி விடாது! அந்தப் பாகத்தைப் பாலிஎஸ்டர் படலமாக மாற்றி, ஏற்ற உணர்கருவியும் பாலிஎதிலீன் ஜன்னலும் வைத்தால் உப்பின் 5 டெராஹெர்ட்ஸ் கைக்கெட்டும். இதற்கு முனைப்பும் பழைய கருவி ஒன்றைத் திறக்க அனுமதியும் போதும். (அனுமதிதான் கஷ்டம் என்று சிரிப்பது கேட்கிறது.)

குளிருக்கு? மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அது 77 கெல்வின். கரிசல் காட்டு ஊர்களில் அந்தக் கலத்தின் மூடியைத் திறக்கும்போது எழும் வெள்ளைப் புகையைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அவர்கள் கலத்தில் கை வைக்கச் சொல்லவில்லை, அந்தக் குளிர் இந்த வட்டாரத்துக்கு வண்டியில் வந்து போகிறது என்பதுதான் விஷயம். கல்லூரி தனக்கும் ஒரு கலம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். 77 கெல்வினிலேயே உப்பின் ஆட்டம் நகர்வதை அளக்கலாம், 92 கெல்வினில் மாறும் செராமிக் மீக்கடத்தியைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு எதிரி, கடற்கரைக் காற்று. நீராவி டெராஹெர்ட்ஸை அங்கங்கே விழுங்கிவிடும், 0.557ல் ஒரு பெரிய வாய் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தூத்துக்குடியில் அளவெடுத்தால் உப்பைவிடக் காற்றுதான் அதிகம் தெரியும். அதற்கும் அந்தக் கலமே மருந்து. ஆவியாகி வீணாகப் போகும் நைட்ரஜன் சுத்தமான வறண்ட வாயு. அதை ஒரு ரப்பர் குழாயில் பிடித்துக் கருவிப் பெட்டிக்குள் விட்டு, அரைமணி நேரம் கழித்து ஆரம்பித்தால் போதும்.